சிரிப்பு எந்த மொழியில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை செய்கிறேன். முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். தென்னாப்பிரிக்காவிலிருந்து போன நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா ஒரே நாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்துவிட்டார். அதிர்ஷ்டமும் ஆங்கிலமும்தானே காரணம்? நானும் வேலையை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடட்டுமா?

கா.

அன்புள்ள கா.,

ஒரே நாளில் என்று எழுத எப்படி மனம் வந்தது? அவர் ‘தி டெய்லி ஷோ’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் நாற்காலிக்கு வந்தது 2015 செப்டம்பரில். 2012-இலேயே இன்னொரு அமெரிக்கத் தொகுப்பாளரான ஜே லெனோவின் நிகழ்ச்சியில் பேசியிருந்தார். அதற்கும் முன்னால் சொந்த நாட்டில் எத்தனையோ மேடைகள். அதிர்ஷ்டம் என்கிறீர்கள். அவர் அம்மா கறுப்பினத்தவர், அப்பா வெள்ளைக்காரர். அவர் பிறந்த 1984-இல், கறுப்பினப் பெண்ணும் வெள்ளைக்கார ஆணும் சேர்வதே அங்கே சட்டப்படி குற்றம். தெருவில் போலீஸைக் கண்டால் அம்மா அவர் கையை விட்டுவிடுவாராம். அதிர்ஷ்டப் பேச்சு போதும்.

ஆங்கிலம் என்றீர்களே, அதைத்தான் சும்மா விட முடியவில்லை. ஒருநாள் அவர் பின்னால் சில இளைஞர்கள் வருகிறார்கள். ‘இந்த வெள்ளைக்காரனிடம் பிடுங்கிக்கொள்வோம்’ என்று அந்நாட்டு மொழியான ஜூலுவில் பேசிக்கொள்கிறார்கள். இவர் சட்டென்று திரும்பி, ‘நாம சேர்ந்தே வேற யாரிடமாவது பிடுங்கலாமே’ என்று ஜூலுவிலேயே கேட்கிறார். அவர்கள் திகைத்து, சிரித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கோசா, சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ் என்று சுற்றியிருந்தவர்கள் பேசியதையெல்லாம் காதில் வாங்கி வளர்ந்தவர். அந்தக் காதுதான் அமெரிக்காவுக்குப் போனது. ஆங்கிலம் அதன் மேல் போட்ட சட்டை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வேலை, மொழி தெரியாத ஊர். தேநீர் இடைவேளையில் எல்லோரும் சிரிப்பார்கள்; நான் அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பேன். கையிலிருக்கும் தம்ளர் ஆறிப்போகும். ஏழாவது மாதம், வயதான உதவியாளர் ஒருவர் மேலாளர் இருமுவதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, தன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அன்றிலிருந்து நான் நின்றபடி தேநீர் குடித்ததில்லை.

உங்கள் வீட்டில் யார் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள்? பாட்டியா, மாமாவா? அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்று ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? கேட்காமல் ஆங்கிலத்துக்கு ஓடினால் அங்கேயும் முப்பது பேர்தான் வருவார்கள்.

வேலையை விடாதீர்கள். அடுத்த நிகழ்ச்சியைத் தமிழில் செய்து, ஒலிப்பதிவை அனுப்புங்கள். முழுசாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.