நாலு வருஷம் ஆடியும் ஷூட்டிங் ஏன் தேறுவதில்லை?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஷூட்டிங், அதாவது பந்தை வளையத்துக்குள் போடுவது பற்றித்தான். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) வீரர்கள் நாள் முழுக்க ஜிம்மில்தானே கிடக்கிறார்கள்? அப்படியும் ஏன் இந்த நிலைமை?

பதில்: நாள் முழுக்கவா? சீசனில் கோச் நடத்தும் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் விதிப்படி அனுமதி. எடைப் பயிற்சி, வீடியோ பார்ப்பது, மேட்ச் எல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சத்தை டிஃபென்ஸும் அடுத்த எதிரணிக்கான திட்டமும் தின்றுவிடும். ராத்திரி தானாக வந்து ஷாட் போடத் தடையில்லை. ஆனால் பக்கத்தில் திருத்த ஆள் இல்லையென்றால் தப்பும் சேர்ந்தே பழகிவிடும்.

கேள்வி: ஷாட் போடும் முறையையே கோச் மாற்றிக் கொடுக்கக் கூடாதா?

பதில்: மாற்றினால் முதலில் கையில் இருப்பதும் போகும். வெளியே விரியும் முழங்கையை உள்ளே கொண்டுவந்தால் பழைய மணிக்கட்டுக் கணக்கு ஒத்துவராது. பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பும். நவம்பரில் சீசன் தொடங்கும்போது பையன் அந்த நிலையில் இருந்தால் பெஞ்சுதான். கோச்சுக்கும் வேலை நிலைக்க வேண்டுமே! பின்னாளில் தொழில்முறை லீகான என்பிஏவில் நட்சத்திரமான ஸ்டெஃபன் கர்ரி இடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஷாட் போடுவதை அப்பா டெல் கர்ரி மாற்றியது பள்ளிக்கால கோடை விடுமுறையில். அப்போது கொஞ்ச காலம் பெயிண்டுக்கு (வளையத்தடியில் வண்ணம் பூசிய பகுதிக்கு) வெளியே நின்று போடவே முடியாமல் திணறினார். கல்லூரியில் யார் அதைப் பொறுப்பார்கள்?

கவாய் லெனார்டைப் பாருங்கள். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம், தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டில் சுமார் 25 சதவீதம். 2011இல் என்பிஏவின் ஸ்பர்ஸ் அணிக்குப் போனார். அங்கே ஷூட்டிங்குக்கென்றே சிப் எங்கெலண்ட் என்ற கோச் இருந்தார். முதல் சீசனிலேயே 37 சதவீதத்தைத் தாண்டியாயிற்று.

கேள்வி: மூன்று புள்ளிக் கோட்டை வளையத்திலிருந்து தள்ளி வைத்ததும் ஒரு காரணமா?

பதில்: ஓரளவு. பள்ளியில் 19 அடி 9 அங்குலம். கல்லூரி ஆண்களின் முதல் பிரிவான டிவிஷன் ஒன்றில் 2019–20 முதல் 22 அடி 1¾ அங்குலம். கால் பலம் போதாதவன் தோளால் தள்ளுவான், ஷாட் தட்டையாகிவிடும்.

கேள்வி: சார், என் மகன் பிராக்டிஸில் பத்துக்கு எட்டு போடுகிறான். மேட்சில் இரண்டுகூட விழுவதில்லை!

பதில்: பிராக்டிஸில் நின்ற இடத்திலேயே, மார்புக்கு நேராக வரும் பாஸை வாங்கிப் போடுகிறானா? மேட்சில் ஸ்கிரீனை (எதிரியை மறித்து நிற்கும் சக வீரனை) சுற்றி ஓடிவந்து, முழங்காலுக்கு வரும் பாஸைப் பிடித்து, முகத்துக்கு முன்னால் ஒரு கை நீளும்போது போட வேண்டும். அது வேறு ஷாட். அதைப் பழகச் சொல்லுங்கள். பத்துக்கு நாலுதான் விழும், பரவாயில்லை.

கேள்வி: கல்லூரி மாறினால் உருப்படுமா?

பதில்: முன்பெல்லாம் மாறினால் ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும். எல்லோரும் திட்டிய விதி. ஆனால் யாருக்கும் பதில் சொல்லாமல் ஷாட்டைப் பிரித்துக் கோர்க்க அந்த ஒரு வருஷம் கிடைத்தது. 2021இல் முதல் மாறுதலுக்கு அந்தக் கட்டாயம் போனது; 2024இல், படிப்பில் தகுதி இருந்தால், எல்லா மாறுதலுக்கும் போனது. இப்போது ரெட்ஷர்ட் எடுத்து, அதாவது ஆடும் தகுதி ஆண்டை இழக்காமல், ஒரு வருஷம் மேட்ச் ஆடாமல் ஒதுங்கச் சொன்னால், பையன் அடுத்த கல்லூரிக்குப் பெட்டியைக் கட்டிவிடுவான்.