கடலுக்குப் பக்கத்தில் தரைத்தள வீடு. உள்ளே கோட்டா கல் போட்டால் உப்பு பூத்துவிடும், டைல்ஸ்தான் சரி என்கிறார்களே, உண்மையா?

பூக்கும்தான். கோட்டா என்பது ராஜஸ்தானிலிருந்து வருகிற தரைக்கல். ஆனால் உப்பு பூப்பதற்குக் கல்லைக் குற்றம் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

எந்த ஏரியா என்று நீங்கள் எழுதவில்லை. வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய வீடாக இருக்கும், போர் தண்ணீர் உப்பாக இருக்கும், சுவரோரம் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிரும். எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக் கதையும் அதேதான். நான் இன்ஜினியர் இல்லை, கல் கடையும் வைத்திருக்கவில்லை. தரை வேலை நடந்தபோது கூடவே நின்று பார்த்தவள், அவ்வளவுதான். 'யூடியூப் பார்த்துவிட்டுப் பேசுகிறாள்' என்று எழுதப்போகிறவர்கள் எங்கள் கூடத்தில் ஒருமுறை வெறுங்காலோடு நடந்துவிட்டு எழுதுங்கள்.

மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறும். கல்லின் நுண்துளை வழியாகவும் ஜாயிண்ட் வழியாகவும் வந்து தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வெள்ளையாகத் தங்கிவிடும். மேலே தங்கினால் துடைத்துவிடலாம். கல்லுக்குள்ளேயே தங்கி இறுகினால்தான் மேல்பரப்பு செதில் செதிலாக உரியும். ஈரம் அவ்வளவாக இறங்காத விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால் மட்டும் அந்த ஈரம் எங்கே போகும்? ஜாயிண்டிலும் சுவரிலும் ஏறும். எதிர்வீட்டில் டைல்ஸ்தான். அவர்கள் வருஷா வருஷம் சுவருக்குப் பட்டி பார்க்கிறார்கள்.

ஆகவே கல்லை வாங்குவதற்கு முன்னால் அதற்குக் கீழே என்ன போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நாங்கள் பழைய மொசைக்கை உடைத்து எடுத்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே 250 மைக்ரான் பாலிதீன் ஷீட் விரித்தோம். ஷீட்டோடு ஷீட் நன்றாக ஏறி உட்கார வேண்டும், சுவரோரம் மடித்து மேலே ஏற்ற வேண்டும். மேஸ்திரி சிரித்தார். "இன்னாக்கா, தரைக்கு ரெயின்கோட் மாட்டுறீங்களா?" ஆமாண்ணே, மாட்டுங்க என்றேன். அதன்மேல் கான்கிரீட், அது இறுகின பிறகுதான் கல் வேலை.

அடுத்த சண்டை தண்ணீருக்கு. கலவைக்கும் போர் தண்ணீர், சிமெண்ட் இறுக நனைத்து வைக்கிற கியூரிங்குக்கும் போர் தண்ணீர் என்றார்கள். கீழே இருந்து வரும் உப்பைத் தடுத்துவிட்டு மேலே நாமே ஊற்றினால் ஷீட் எதற்கு? மெட்ரோ வாட்டர் லாரி சொல்லித்தான் வேலை நடந்தது. 'பணம் இருக்கிறவங்க பேச்சு' என்பீர்கள். பூத்த தரையைத் திரும்ப உடைக்க அதைவிட எவ்வளவோ ஆகும்.

கல் ஒரே கனத்தில் வராது. அதனால் டைல்ஸுக்குப் போடுவது போல மெல்லிய பசையில் ஒட்டிவிட்டுப் போக முடியாது. ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலைந்து பங்கு மணல், கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் விரிக்க வேண்டும். கல்லை வைத்து மரச் சுத்தியலால் தட்டி, திரும்பத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கலவையில் தடம் விழுந்திருக்கும். விழாத இடம் குழி. அங்கே கலவை போட்டு, சிமெண்ட் பால் ஊற்றி, மறுபடி உட்கார வைக்க வேண்டும். சோம்பேறித்தனமாக ஒரே தடவையில் வைத்தால் காய்ந்த பிறகு தட்டும்போது 'டொக்'கென்று கேட்கும், அந்தக் கல் என்றைக்காவது விரியும். கல்லின் அடிப்பக்கத் தூசியைக் கழுவாமல் வைத்தாலும் அதே கதிதான். முதலில் கலவை இல்லாமலே அறை முழுக்கப் பரப்பி நிறம் பாருங்கள். பச்சை, நீலம், பழுப்பு என்று கலந்துதான் வரும்.

கல்லும் கலவையும் சேர்ந்தால் இரண்டரை, மூன்று அங்குலம். ஷீட்டும் கான்கிரீட்டும் தனி. கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு எப்படியும் தரையை உயர்த்த வேண்டியிருந்தது, அதற்குக் காரணம் தெரு. நான் கல்யாணமாகி வந்தபோது மூன்று படி ஏறிப் போன வீடு, இப்போது இறங்கிப் போகிறோம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எங்கள் தெருவுக்கு அந்தக் காகிதம் இன்னும் வந்து சேரவில்லை போல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்றைக்குத் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வந்தது. கேட்டால் "லோ லையிங் ஏரியா மேடம்" என்கிறார்கள். யார் தாழ்த்தினது? சரி, அது வேறு பேச்சு.

கோட்டா, கடப்பா, தாண்டூர் மூன்றுமே சுண்ணாம்புக்கல். மார்பிளும் அந்த வகையறாதான். புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் ஆகாது. எங்கள் அத்தை குத்துவிளக்கைக் கூடத்தில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தார்கள். விளக்கின் அடிப்பாகம் இருந்த இடம் மட்டும் பளபளவென்று வட்டமாக, சுற்றிலும் மங்கல். பாலிஷ் போனதுதான் அது, கறை இல்லை. எவ்வளவு துடைத்தாலும் போகாது. சமையலறைக்கு மட்டும் கிரானைட் போடுங்கள், அது புளிக்கு அசையாது.

ஈரமும் கறையும் இறங்காமல் இருக்கப் பூசுகிற சீலர் அடிப்பதென்றால் தரை நன்றாகக் காய்ந்த பிறகு, கல்லுக்குள் இறங்குகிற வகையாகப் பார்த்து அடியுங்கள். மேலே படலம் போல நிற்பதை அடித்தால் மிச்ச ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பாலிஷ் மிஷின் ஓடும்போது வருகிற சேற்றைச் சாக்கடையில் தள்ள விடாதீர்கள், குழாய்க்குள் இறுகிக்கொள்ளும். அதை வாளியில் அள்ளச் சொன்னதற்கு அந்தப் பையன் என்னை முறைத்தான். முறைக்கட்டும்.

சதுர அடி என்ன விலை என்று கமெண்டில் கேட்கப்போகிறீர்கள். கடையில் சொல்வது கல்லின் விலை மட்டும். ஏற்றி இறக்குகிற கூலி, பதிக்கிற கூலி, பாலிஷ் எல்லாம் தனித்தனி. எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லச் சொல்லி, அதற்கப்புறம் டைல்ஸ் விலையோடு ஒப்பிடுங்கள்.