குரல் எடுபடவில்லையா?

கேள்வி: ஊமைப்பட நடிகை பி.கே. ரோஸி ஒரே படத்தோடு காணாமல் போனது, பேசும் படம் வந்ததும் குரல் எடுபடாததாலா? (ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: குரலா! குரல் எடுபடவில்லை என்று இன்றைய தமிழ் சினிமா எந்தக் கதாநாயகியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது? கேமரா முன்னால் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வாயசைத்துவிட்டு அவர் விமானம் ஏறிவிடுவார். சாலிகிராமத்தில் ஓர் அம்மணி இருட்டறையில் உட்கார்ந்து அவருக்காகச் சிணுங்கி, அழுது, தாலிப் பெருமை பேசி முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்பார். விருது மேடையில்தான் நடிகையின் சொந்தக் குரல் வெளியே வரும், அதுவும் ‘வணக்கம், எப்படி இருக்கீங்க’ளோடு தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் ஊமைப்பட காலம் இன்னும் முடியவில்லை. இப்படி எழுதும்போதெல்லாம் முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் ‘டப்பிங்கும் கலைதான் ஐயா’ என்று சண்டைக்கு வருவார். யார் இல்லையென்றது? பெயரைப் பெரிதாகப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, ரோஸி. காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடியவருக்குக் குரலா இல்லை? தமிழும் மலையாளமும் கலந்து வரும் கூத்து அது. ரோஸி புல்லறுத்துப் பிழைத்தவர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் வீட்டுப் பெண். ஜே.சி. டேனியல் மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தபோது (வெளியானது 1928ஆ 1930ஆ என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்) அவரை மேல்சாதி நாயர் பெண்ணாக நடிக்க வைத்தார். போதாதா? திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் முதல் காட்சி. ரோஸி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் முறுக்கிக்கொண்டதில் கதாநாயகியே வெளியே. உள்ளே, படத்தில் கதாநாயகன் ரோஸியின் கூந்தல் பூவை முத்தமிட்டதும் திரையை நோக்கிக் கல் பறந்தது. அப்புறம் குடிசைக்குத் தீ. ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் வந்தவர், லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையையே கட்டிக்கொண்டு ராஜம்மாள் ஆனார். திரையில் நாயர் பெண்ணாக வரக்கூடாதென்று கல்லெறிந்தார்களே, நிஜத்தில் ஒரு நாயர் வீட்டிலேயே விளக்கேற்றினார்! காணாமலும் போகவில்லை, ஒன்றுமில்லை, விரட்டினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள்காரன் அவருக்குச் சித்திரம் போட்டபிறகுதான் நம்மில் பாதிப் பேருக்குப் பெயரே தெரியும்.

டேனியல் கதை இன்னும் கேவலம். சொத்தை விற்றுப் படமெடுத்துப் பல் வைத்தியத்துக்குப் போனவர். கடைசிக் காலத்தில் உதவித்தொகை கேட்டால், உம்முடைய ஊர் அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே கேளும் என்றது கேரளம். படமெடுத்தபோது அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ல்தான் இந்தப் பக்கம் வந்தது. 1975ல் அவர் போய்ச் சேர்ந்தார். 1992 முதல் அதே கேரளம் அவர் பெயரில் விருது கொடுக்கிறது, எல்லை கில்லை ஒன்றும் இடிக்கவில்லை.

இதெல்லாம் கடலூர்க்காரனுக்குப் புரியும். முள்ளோடையைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால் புதுச்சேரி, அரசாங்கமே வேறு. அங்கே ரசீதோடு வாங்கிய பாட்டில் இங்கே வந்ததும் கடத்தல் சரக்கு. சோதனைச் சாவடியில் பையைத் துழாவும் ஏட்டையாவிடம் போய் 1956 சரித்திரம் சொல்லிப் பாருங்களேன்.