ஜிஃப்-8: பரப்பளவு 1500 இருந்தும் மெத்திலீன் ப்ளூ குறையாதது ஏன்?

ஜிஃப்-8 என்பது துத்தநாகமும் கரிம மூலக்கூறுகளும் இணைந்த, நுண்துளைகள் நிறைந்த பொடி. அதைப் போட்டும் நீரில் உள்ள மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் குறையவில்லை என்றால், சாயம் துளைக்குள் போகவே இல்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கிராமுக்கு 1500 சதுர மீட்டர் பரப்பளவு என்பது நைட்ரஜன் வாயுவைத் துளைகளுக்குள் செலுத்தி அளந்த கணக்கு. ஜிஃப்-8-இன் உள்ளறை 1.16 நானோமீட்டர் இருந்தாலும் வாசல் சுமார் 0.34 தான். நைட்ரஜன் அதைவிடச் சற்றுப் பெரியது. சட்டகம் வளைந்து கொடுப்பதால் நுழைந்துவிடுகிறது. மெத்திலீன் ப்ளூ ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் நீளம். வெளிப்பரப்பில் ஒட்டுவதோடு சரி.

முடிவு கட்டுமுன் ஒன்று பாருங்கள். நீரில் மிஞ்சிய சாயத்தை அறிய 664 நானோமீட்டர் அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும்போதே 800-லும் அளந்துவிடுங்கள். அங்கே இந்தச் சாயம் ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு. அங்கும் நல்ல அளவு காட்டினால் மிதக்கும் ஜிஃப்-8 துகள்கள் ஒளியைச் சிதறடித்து, சாயம் குறையாதது போலக் காட்டுகின்றன என்று அர்த்தம். மறுபடி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிவிட்டு அளக்கவும். சிரிஞ்ச் ஃபில்டரை நம்ப வேண்டாம், சில வகைச் சவ்வுகள் சாயத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும்.

மெத்திலீன் ப்ளூதான் இலக்கு என்றால் எம்சிஎம்-41 மாதிரி 2 நானோமீட்டருக்கு மேல் துளையுள்ள சிலிக்காவுக்கு மாறுங்கள். நடுநிலை நீரில் அதன் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது, சாயம் நேர்மின்னேற்றம், அதனால் பொருந்தும். நீரில் நெடுநாள் கிடந்தால் அதுவும் மெல்லச் சிதையும்.

அப்புறம், பிஎச்-ஐக் குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அமிலத்தில் ஜிஃப்-8 கரைந்து துத்தநாகத்தைத் தண்ணீரில் விட்டுவிடும்.