அரசியல் தொடர்பியலைத் துணைப்பாடமாக எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

டர்பனில் புள்ளியியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரசியல் தொடர்பியலைத் துணைப்பாடமாக எடுக்க ஆசை. "மேடையில் பேசக் கற்றுக்கொள்ள ஒரு பட்டமா? கட்சிக்காரர்களுக்குக் கொடி பிடிக்கவா இவ்வளவு கட்டணம் கட்டுகிறோம்?" என்று அப்பா கேட்கிறார். இந்தப் பாடம் உண்மையில் எதைக் கற்றுத் தருகிறது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வி., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள வி.,

தாராளமாக எடுங்கள். ஆனால் துணைப்பாடமாகவே எடுங்கள். புள்ளியியலை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக நம் தென்னாப்பிரிக்காவில் இனப் பகையைக் கிளறும் பிரசாரம் நடத்திய லண்டன் மக்கள்தொடர்பு நிறுவனமான பெல் பாட்டிங்கர், 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள்தொடர்புத் தொழில் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே நொடித்துப் போனது. அதை நடத்தியவர்களும் இந்தக் கலையை அறிந்தவர்கள்தாம். எனினும் மேடைப்பேச்சும் பிரசார உத்தியும் இப்பாடத்தின் ஒரு மூலை மட்டுமே. ஒரு செய்தி யாரிடமிருந்து புறப்படுகிறது, எந்த வழியாகப் போகிறது, யாரைச் சேருகிறது, சேர்ந்தபின் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்று ஆராய்வதே இதன் மையம். 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் ஒரே வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்து விசாரித்தபோது, வானொலியும் செய்தித்தாளும் எதிர்பார்த்த அளவுக்கு மனத்தை மாற்றவில்லை என்பதும், அக்கம்பக்கத்தில் மதிக்கப்படும் மனிதர்களின் வாய்வழியாகவே கருத்து பரவுகிறது என்பதும் தெரியவந்தன.

இதற்குச் சான்று தேட நீங்கள் ஒஹாயோவுக்குப் போக வேண்டியதில்லை. 1984 ஆகஸ்ட் 28 அன்று, கறுப்பினத்தவருக்கு இடம் தராமல் நிறவெறி அரசு அமைத்த மூன்று அவை நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட அவைக்குத் தேர்தல் நடந்தது. அரசின் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரு பக்கம்; புறக்கணிக்கச் சொன்ன நேட்டால் இந்தியக் காங்கிரசின் துண்டறிக்கைகளும் வீட்டுக் கூட்டங்களும் மறுபக்கம். பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தனர். அடுத்த மாதம் பில்லி நாயர், எம்.ஜே. நாயுடு உள்ளிட்ட நிறவெறி எதிர்ப்புத் தலைவர்கள் ஆறு பேர் டர்பனிலுள்ள பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் தஞ்சம் புகுந்து, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் வழக்கத்தின்மீது உலகப் பத்திரிகைகளின் பார்வையைத் திருப்பினார்கள். அப்பாவுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும் என்றால், அன்று வீட்டுக்கு வந்து பேசியவர் யார், ஏன் அவர் சொன்னதை நம்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாடத்தின் முதல் வகுப்பை அவரே நடத்திவிடுவார்.

நான் மிகவும் விரும்பும் எடுத்துக்காட்டு ஒரு குறுஞ்செய்திதான். அதிபர் ஜூமாவின் சொந்த வீடான நகாண்ட்லா இல்லத்துக்குச் செலவிடப்பட்ட பொதுப்பணம் பற்றி, அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலராக இருந்த துலி மடோன்செலாவின் அறிக்கை 2014 மார்ச்சில் வெளிவந்த கையோடு, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணி ஹௌடெங் மாநிலத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பியது. ஜூமா 24.6 கோடி ராண்டில் வீடு கட்ட உங்கள் பணத்தைத் திருடியதை அறிக்கை காட்டுகிறது என்பது அதன் சாரம். அறிக்கையோ அவர் முறையற்ற பலன் அடைந்தார் என்றதே தவிர, திருடினார் என்று சொல்லவில்லை. பொய்த் தகவலைத் தடைசெய்யும் தேர்தல் சட்டத்தின்கீழ் ஜூமாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் கூட்டணியின் பக்கம் நின்றது. தேர்தல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2015 ஜனவரியில் அரசமைப்பு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு மீண்டும் கூட்டணிக்குச் சாதகமாக வந்தது. அந்த வாக்கியம் தகவலா, அல்லது அறிக்கையை ஒருவர் படித்த விதமா என்பதில் நீதிபதிகளே பிரிந்து நின்றார்கள். கைபேசியில் இரண்டு நொடியில் படித்துவிட்டு நாம் தாண்டிப்போகும் ஒரு வாக்கியத்தின் முன் இவ்வளவு நேரம் நிற்கப் பழக்குவதுதான் நல்ல பேராசிரியரின் வேலை. நாள் முழுதும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்து விழுகிறவற்றைப் படிக்கும் நமக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துணைப்பாடமாகவே எடுக்கச் சொல்வதற்கும் காரணம் இங்குதான் இருக்கிறது. செய்தியின் போக்கை மட்டும் அறிந்தவர், செய்தியில் உள்ள எண் சரியா என்று கேட்கும்போது திகைத்து நிற்கிறார். நீங்கள் திகைக்க மாட்டீர்கள். கருத்துக்கணிப்பில் மாதிரி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது, பிழை வரம்பு என்ன, கேள்வி எந்த வரிசையில் கேட்கப்பட்டது என்று விசாரிக்கும் பயிற்சி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் செய்தி அறைகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் ஜூலு மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவாசுலு-நேட்டாலில் பெரும்பான்மையினர் பேசும் மொழியைப் புரிந்துகொள்ளாமல் இம்மாநில அரசியல் செய்தியை ஆராய்வது, பாதிப் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு படிப்பதைப் போன்றது.

பதிவு செய்வதற்கு முன் பாடத்திட்டக் கையேட்டை வாங்கிப் பாருங்கள். உள்ளடக்கப் பகுப்பாய்வு, கருத்துக்கணிப்பு முறைகள், ஊடகச் சட்டம் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டேனும் அதில் இருக்க வேண்டும். உரை எழுதுவதும் பிரசார மேலாண்மையும் மட்டுமே இருக்குமானால் அப்பா சொல்வதைக் கேட்டு, அந்த இடத்தில் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.