பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 34. அவிநாசி வட்டத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். விசைத்தறி ஓட்டித்தான் என் அப்பா என்னைப் படிக்க வைத்தார். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டு ஏழு மாதமாக மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரின் ஆர்டரைச் சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவராக, இருக்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய்; அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 19,500. வீட்டுக்கடன் தவணை மாதம் 14,000.

எங்கள் மேலாளருக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. போன மாதம் சாம்பிள் பிரிவில் தையல்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு போலோ டி-ஷர்ட்டின் காலரை என் மேசைமேல் வீசி, "இதைப் பார்க்கக் கண்ணில்லையா? மாடு மேய்க்கப் போயிருக்கலாமே" என்றார். அந்தக் காலருக்கு முந்தின நாள் தொலைபேசியில் ஒப்புதல் கொடுத்தவரே அவர்தான். இரவு 11.40-க்கு வாட்ஸ்அப் குழுவில் "ஷிப்மென்ட் என்ன ஆச்சு" என்று கேட்பார். பத்து நிமிடத்தில் பதில் போடாவிட்டால் மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் பேச்சு வாங்க வேண்டும்.

ஞாயிறு மாலை ஆனால் வயிறு கலங்குகிறது. என் போன் அடித்ததும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாரும் சொல்லாமலே டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். முன்பெல்லாம் சாயம் போடும் டையிங்கிலிருந்து துணி வந்தால் முதலில் நான்தான் போய்த் தொட்டுப் பார்ப்பேன். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) குறைகிறதா, துணியின் அளவை நிலைப்படுத்தும் காம்பாக்டிங்கில் இழுத்துவிட்டார்களா என்பதை விரலே சொல்லிவிடும். இப்போது அதற்கும் மனம் வருவதில்லை.

மாமனாரிடம் சொன்னால், "மாசமானாச் சம்பளம் வருதுங்கல்ல மாப்ள, பல்லக் கடிச்சுட்டு இருங்க" என்கிறார். சேமிப்பு ஆறு லட்சம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். எனக்குத்தான் பொறுமை போதவில்லையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், பணியிட நெருக்கடி தீராமல் நீடிப்பதால் வரும் இந்தச் சோர்வை ஒரு நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாகவே குறித்திருக்கிறார்கள். அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: உடலும் மனமும் ஓய்ந்துபோவது, செய்யும் வேலை மீது வெறுப்போ விலகலோ தோன்றுவது, தன்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று நினைக்கத் தொடங்குவது. முதல் இரண்டும் உங்கள் கடிதத்தில் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவது இன்னும் முழுதாக வந்துவிடவில்லை, ஏனென்றால் துணியைத் தொட்டால் விரலே சொல்லிவிடும் என்று இப்போதும் உங்களால் எழுத முடிகிறது. கடிதம் முழுவதிலும் கோபமும் களைப்பும் இல்லாமல் எழுதப்பட்டவை அந்த இரண்டு வரிகள்தாம். அவற்றை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதனால்தான் மரச்செக்கு யோசனையில் எனக்குத் தயக்கம். எண்ணெய் வியாபாரம் மட்டமான தொழில் அல்ல. காங்கேயத்துக் களங்களில் தேங்காய் காய்வதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த ஆசை வருவது இயல்பே. ஆனால் உங்கள் கடிதத்தில் எண்ணெய் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது, அதுவும் வெளியேறும் வாசலாகத்தான் இருக்கிறது. நீங்கள் வெறுப்பது தொழிலை அல்ல, அந்த ஒரு மனிதர் குரல் உயர்த்தும் அறையை என்று எனக்குப் படுகிறது. துணியின் தரம் பார்ப்பது, நூலும் துணியும் வாங்குவது, வெளிநாட்டு நிறுவனங்களுக்காகக் கொள்முதல் செய்யும் பையிங் அலுவலகங்களின் ஆய்வுப் பணி என உங்கள் விரலுக்கு மதிப்புள்ள வேலைகள் திருப்பூரிலேயே இருக்கின்றன. 1956 முதல் கோவையில் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில், அதாவது நம்மவர்கள் சொல்லும் சிட்ராவில், துணிச் சோதனை, தரக்கட்டுப்பாடு குறித்த பயிற்சி பற்றி விசாரியுங்கள். அனுபவத்தால் தெரிந்ததற்கு ஒரு சான்றிதழ் சேர்ந்தால், நேர்காணலில் உங்கள் குரலும் சற்று நிமிரும்.

அடுத்து, எப்போது விடுவது என்ற கேள்வி. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை உண்டு. ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் 19,500-க்கு ஆண்டுக்கு 11,250 வீதம் ஐந்து ஆண்டுக்கு 56,250 ரூபாய் வருகிறது, அதாவது நான்கு மாத வீட்டுக்கடன் தவணை. இன்னும் ஐந்து மாதம்தான். முடிவில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும், நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு பொறுத்திருப்பதும் ஒன்றல்ல. இந்த ஐந்து மாதத்தை வேலை தேடவும் பயிற்சிக்கும் பயன்படுத்துங்கள்; அடுத்த வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். ஆனால் உறக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைச் சந்தியுங்கள். வாழ்வதே வீண் என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றைக்கே பேச வேண்டும்; டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அதுவரை அங்கே இருக்க வேண்டுமே! காலர் விவகாரத்தைப் போன்றது இன்னொரு முறை நடக்கக் கூடாது. அவர் தொலைபேசியில் ஒப்புதல் சொன்ன ஐந்தாவது நிமிடம், "தாங்கள் கூறியபடி இந்தக் காலரை உறுதி செய்து அனுப்புகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அவர் அதை விரும்பமாட்டார், எரிச்சலும் படலாம். இருந்தாலும் அடுத்த முறை வீசப்படும் துணிக்கு உங்களிடம் பதில் இருக்கும். வசைகளைத் தேதி, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். நிர்வாகத்திடம் போக நேர்ந்தால் உதவும், போகாவிட்டாலும் "எல்லாம் என் தவறோ" என்று நள்ளிரவில் தோன்றும்போது படித்துப் பார்க்க உதவும்.

இரவு 11.40 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் ஆர்டர் கொடுக்கும் பையர் ஜெர்மனியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், நம்முடைய 11.40 அங்கே கோடையில் இரவு 8.10, குளிர்காலத்தில் 7.10. அந்த நேரத்தில் அங்கே அலுவலகத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? ஆகவே அந்தச் செய்தி பையரின் அவசரத்தால் வருவதல்ல, மேலாளரின் பதற்றத்தால் வருவது. இரவு 9.30 மணிக்கு அன்றைய ஷிப்மென்ட் நிலையை நீங்களே குழுவில் இரண்டு வரி எழுதி, "காலை 8.30-க்கு அடுத்த நிலையைத் தெரிவிக்கிறேன்" என்று முடித்துவிட்டு, போனை வேறு அறையில் வையுங்கள். முதல் வாரம் பேச்சு வாங்கத்தான் செய்வீர்கள். சிலர் அதற்குப் பிறகு அடங்குவார்கள், சிலர் அடங்கமாட்டார்கள். உங்கள் மேலாளர் எந்த வகை என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது.

மாமனாரிடம் வாதாட வேண்டாம். வேலையை விடப் போகிறேன் என்று சொன்னால் அவருக்குத் தவணைதான் கண்முன் வரும். ஐந்து மாதக் கணக்கை எழுதிக் காட்டினால் ஒருவேளை அவரே தெரிந்தவர்களிடம் உங்களுக்காக விசாரிப்பார். மனைவியிடம் முதலில் பேசுங்கள், அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இன்று இரவு போன் அடித்து, மகள் ரிமோட்டை எடுத்தால், "வேண்டாம் கண்ணு, நீ பாரு, அப்பா வெளிய போய்ப் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போங்கள். இதற்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆலோசகர்