அமந்தானித் தீவில் ஓர் இரவு: பிள்ளைகளோடு போகலாமா?

கேள்வி: ஜூன் மாதம் பெரு நாட்டுக்குப் போகிறோம். நாங்கள் இருவர், 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் 66 வயது அம்மா. டிட்டிகாக்கா ஏரியிலுள்ள அமந்தானித் தீவில் உள்ளூர்க்காரர் வீட்டில் ஓர் இரவு தங்க ஆசை. சுத்த சைவம். லிமாவிலிருந்து விமானத்தில் வந்து மறுநாளே படகேறலாமா?

பதில்: தீவுக்குத் தாராளமாகப் போகலாம். மறுநாளே மட்டும் வேண்டாம். லிமா கடலோர நகரம். விமானம் இறங்கும் ஹூலியாக்கா 3,800 மீட்டருக்கு மேலே. ஏரியின் நீர்மட்டமே 3,812 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சிகூட 2,637 மீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.

லிமாவிலிருந்து முதலில் அரெகிப்பாவுக்குப் போங்கள். சுமார் 2,335 மீட்டர் உயரம்; அங்கே இரண்டு மூன்று இரவுகள். பிறகு பஸ்ஸில், தீவுப் படகுகள் கிளம்பும் ஏரிக்கரை ஊரான புனோ, ஏறக்குறைய ஆறு மணி நேரம். புனோவில் இரண்டு இரவு, முதல் நாள் ஒன்றும் செய்யாமல். இதை வீண் நாள் என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது சொரோச்சே என்று அவர்கள் சொல்லும் மலைநோய். சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுப்பார்கள், சிணுங்குவார்கள், விளையாடாமல் மடியில் படுத்துக்கொள்வார்கள். புனோவில் அப்படி இருந்தால் தீவை ஒத்திப்போடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிக் கீழே இறங்க வேண்டும். தீவிலிருந்து புனோவுக்குச் சாதாரணப் படகில் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும், அதுவும் பகலில். நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

அம்மா விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. மலைநோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றியும் அவரிடம் கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். படகுத்துறையிலிருந்து வீடு வரை மேட்டுப்பாதைதான், தீவில் கார் கிடையாது. பச்சமாமா, பச்சதாதா என்ற இரண்டு குன்றுகளில் மாலையில் எல்லோரும் ஏறுவார்கள். உச்சி 4,100 மீட்டர் அளவு. அம்மா வீட்டு முற்றத்தில் இருக்கட்டும். ஏரி அங்கிருந்தே தெரியும்.

தங்கும் வீட்டை ஊர்க்காரர்களே முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். புனோவில் ஏஜென்ட் மூலம் போனால், கட்டணத்தில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று நேராகக் கேளுங்கள். படகுத்துறையில் ஊர்ப் படகிலேயே ஏறிப் போய்த் தங்குபவர்களும் உண்டு. பணம் வீட்டுக்கார அம்மாள் கையிலேயே சேரும் என்பதால் எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். சில்லறையாகப் பெரு நாட்டுப் பணமான சோல் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். புனோ சந்தையில் அரிசி, சர்க்கரை, எண்ணெய், பழம் வாங்கிப் போவது நல்ல மரியாதை. மிட்டாய் வேண்டாம். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், தீவில் அதைப் போட இடமில்லை.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கஷ்டம் அதிகமில்லை. கீன்வா சூப், உருளைக்கிழங்கு, ஓக்கா என்ற புளிப்பும் இனிப்புமான கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி, இவைதான் பெரும்பாலும். ஆனாலும் முன்பே சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றால் பலர் மாட்டிறைச்சியை மட்டும் விட்டுவிடுவார்கள். 'சின் போயோ, சின் பெஸ்காடோ' என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டையும் ஆகாதென்றால் 'சின் வேவோ'.

நான் தங்கிய வீட்டின் சமையலறை வாசல் குனிந்து நுழையும் உயரம்தான். உள்ளே மண் அடுப்பு, புகை. வீட்டுக்கார அம்மாள் வெந்த கிழங்கைக் கம்பளித் துணியில் கொட்டினார். சூட்டோடு தோலுரித்து உப்புத் தொட்டுத் தின்றோம். வெந்நீரில் முன்யா தழையைக் காம்போடு போட்டுக் கொடுத்தார், புதினா போன்ற வாசம். பிள்ளைகளுக்கு அதையே கொடுங்கள், கோக்கா இலைத் தேநீர் வேண்டாம். கோக்கா இலையை ஊருக்கும் கொண்டுவராதீர்கள், இந்தியாவில் அது குற்றம். தீவு மக்கள் பேசுவது கெச்சுவா. பிள்ளைகள் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கை உதவினால் போதும், பாஷை தானாக அமையும்.

ஜூனில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, மங்கி குல்லா, சன்ஸ்கிரீன், ஆளுக்கொரு டார்ச் அவசியம். கழிப்பறை பல வீடுகளில் முற்றத்தைத் தாண்டி இருக்கும். அன்று குளியல் இல்லை என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலைப் படகு பெரும்பாலும் தக்கீலே தீவில் நிறுத்தும். ஆண்கள் நடந்துகொண்டே குல்லா பின்னுவதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு துறையில் 500-க்கும் மேற்பட்ட படிகள். எந்தத் துறையில் இறக்குவார்கள், எதில் ஏற்றுவார்கள் என்று படகுக்காரரிடம் முதல் நாளே கேளுங்கள். பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் ஏறும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். குஸ்கோ நகரத்துக்கும் போவதாக இருந்தால் அதைப் புனோவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; அது 3,400 மீட்டர்தான், அதற்குள் எல்லோருக்கும் மூச்சு பழகியிருக்கும்.